கம்ப்ரசரை மாற்றும் முன் கசிவைத் தேடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பழைய சொகுசு கார்களை வாங்குவோர் பெருகிவரும் இந்நாளில், காற்றுப் பைகளால் காரைத் தாங்கும் அவற்றின் ஏர் சஸ்பென்ஷனைப் பழுதுபார்ப்பதில் வேரூன்றிவிட்ட ஒரு தவறான பழக்கத்தைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். இரவில் சமமாக நிறுத்திய கார் காலையில் ஒரு பக்கம் தாழ்ந்து நின்றால், பல பட்டறைகளில் முதலில் சொல்லப்படுவது, காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசர் போய்விட்டது என்பதுதான். கம்ப்ரசரை மாற்றுகிறார்கள், கார் எழுந்து நிற்கிறது, சில மாதங்களில் புதிய கம்ப்ரசரும் எரிந்துபோகிறது. அதன் பிறகு உரிமையாளர் காரைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுகிறார், அல்லது காற்றுப் பைகளைக் கழற்றி எறிந்துவிட்டு இரும்புச் சுருள் ஸ்பிரிங்கைப் பொருத்திக்கொள்கிறார். பெரும்பாலான கார்களுக்கு இந்த இரண்டுமே தேவையில்லை. இந்த அமைப்பில் வயதால் கெடும் பாகங்கள் மிகச் சிலவே. அவற்றில் ஒரு பகுதியைப் பொறுமையும் ஓரளவு கைப்பழக்கமும் உள்ளவர் வீட்டு முற்றத்திலேயே புதுப்பித்துவிடலாம். மற்றொரு பகுதியை வீட்டில் தொடவே கூடாது. இவற்றைப் பிரித்தறிவதற்குப் போதுமான செய்தி தமிழில் கிடைப்பதில்லை என்பதாலேயே சற்று நீளமாக எழுதுகிறேன்.

நான் வைத்திருப்பது இருபது வயதைக் கடந்த ஒரு ஐரோப்பிய செடான். அதன் கம்ப்ரசரையும், காற்றை நான்கு சக்கரங்களுக்கும் பிரித்துவிடும் வால்வு பிளாக்கையும் வீட்டிலேயே பிரித்துச் சீரமைத்தேன். காற்றுப் பையும் அதிர்வைத் தணிக்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக இணைந்த முன்பக்க ஸ்ட்ரட்டுகளை, அதற்கான அழுத்துக் கருவி வைத்திருப்பவரிடம் கொடுத்துப் புதிய பை போட்டு வாங்கி, நானே பொருத்தினேன். தொழில்முறை மெக்கானிக் அல்லன். பம்பு உற்பத்தித் தொழிலில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் என்பதால், கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ ரிங்கும் வால்வும் எனக்குப் பழகியவை, அவ்வளவே.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். இரும்பு ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில், உள்ளே நூலிழை பின்னிய ரப்பர் பை ஒன்று காற்றால் நிரம்பிக் காரைத் தாங்குகிறது. நம் மெக்கானிக்குகள் இதைப் பலூன் என்பார்கள். ஒரு சக்கரத்தின் மேல் ஏறக்குறைய 500 கிலோ எடை வருகிறது என்றால், 7 பார் அழுத்தத்தில் வெறும் 70 சதுர சென்டிமீட்டர் பரப்பே அந்த எடையைத் தாங்கிவிடும். கார் டயரில் இருப்பது சுமார் 2.2 பார் என்பதை நினைத்துப் பார்த்தால், உள்ளங்கை அகலமே உள்ள அந்தப் பைக்குள் அடைபட்டிருக்கும் விசை எத்தகையது என்பது விளங்கும். பன்னிரண்டு வோல்ட் மோட்டாரில் ஓடும் சிறிய பிஸ்டன் கம்ப்ரசர் ஒன்று காற்றை அழுத்தி, ஈரத்தை உறிஞ்சும் மணிகள் நிரம்பிய டிரையர் வழியாக வால்வு பிளாக்குக்கு அனுப்புகிறது. அங்கிருந்து பென்சிலைவிட மெல்லிய நைலான் குழாய்கள் நான்கு மூலைகளுக்கும் பிரிந்து செல்கின்றன. ஒவ்வொரு மூலையின் உயரத்தையும் சென்சார்கள் அளந்து சொல்ல, கட்டுப்பாட்டுப் பெட்டி மின்சாரத்தால் இயங்கும் சோலினாய்டு வால்வுகளைத் திறந்து மூடி உயரத்தைச் சரிசெய்கிறது. நால்வர் ஏறினாலும் ஒருவர் மட்டும் ஓட்டினாலும் கார் ஒரே உயரத்தில் நிற்பது இதனால்தான்.

இது புதிய சிந்தனை அன்று. 1957-இல் வெளிவந்த காடிலாக் எல்டோராடோ பிரோம் காரில் நான்கு சக்கரங்களுக்கும் காற்றுப் பை இருந்தது. கசிவுத் தொல்லை தாங்காமல் பல உரிமையாளர்கள் அதைக் கழற்றிவிட்டுச் சுருள் ஸ்பிரிங்குக்கு மாறினார்கள் என்பது கார் வரலாறு அறிந்தவர்களுக்குத் தெரியும். 1984 மாடல் லிங்கன் மார்க் ஏழில் மின்னணுக் கட்டுப்பாட்டுடன் இது திரும்பி வந்தது. 1994-இல் வந்த இரண்டாம் தலைமுறை ரேஞ்ச் ரோவர், 1998-இல் வந்த மெர்சிடஸ் எஸ் கிளாஸ் டபிள்யூ220, 2004-இல் வந்த லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3, ஏர் சஸ்பென்ஷனோடு விற்கப்பட்ட ஆடி கியூ7 போன்றவை அதைப் பரவலாக்கின. இவற்றுள் பழுதுபார்ப்பவரின் கண்ணுக்கு ஒரு பெரிய வேறுபாடு உண்டு. 1994 ரேஞ்ச் ரோவரில் பை தனி, ஷாக் அப்சார்பர் தனி. ஆகவே பையை மட்டும் வாங்கி மாற்றிவிடலாம், அதை உலகெங்கும் உரிமையாளர்கள் வீட்டிலேயே செய்கிறார்கள். டபிள்யூ220, டிஸ்கவரி 3 போன்றவற்றிலோ பையும் ஷாக்கும் ஒரே ஸ்ட்ரட்டாக இணைந்திருக்கின்றன. இரண்டு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத ரப்பரில் ஒரு வெடிப்பு விழுந்தால், நன்றாக இருக்கும் ஷாக்கையும் சேர்த்தே மாற்ற வேண்டிய கட்டாயம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

இனி, பழுது எந்த வரிசையில் வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். என் கடிதத்தின் சாரம் இதுதான் என்பதால் வாசகர்கள் இப்பகுதியை மட்டுமாவது கவனமாகப் படிக்க வேண்டுகிறேன். கார் பெரும்பாலும் ஒரே உயரத்தில் ஓடுவதால் பையின் மடிப்பும் ஏறக்குறைய ஒரே இடத்தில் உருண்டுகொண்டிருக்கிறது. பல ஆண்டுகளில் அந்த வளையத்தில் ரப்பர் இறுகி, கண்ணுக்குத் தெரியாத நுண்வெடிப்புகள் உண்டாகின்றன. காற்று மெல்லக் கசியத் தொடங்கும். ஓட்டுநருக்கு ஒன்றும் தெரியாது, ஏனெனில் கசிந்ததைக் கம்ப்ரசர் உடனுக்குடன் ஈடுசெய்துவிடும். சில நிமிடம் மட்டும் ஓடி ஓய்வெடுப்பதற்காக வடிவமைக்கப்பட்ட அந்தச் சிறு மோட்டார் இப்போது நாள் முழுவதும் விட்டுவிட்டு ஓடுகிறது. அதன் டெஃப்ளான் பிஸ்டன் வளையம் தேய்கிறது, மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலேயின் முனைகள் கருகுகின்றன. ரிலே ஒட்டிக்கொண்டால் மோட்டார் நிற்காமல் ஓடி எரிந்தே போகும்.

இதோடு முடியவில்லை. டிரையரின் மணிகள் தாமாகவே உலர்வதில்லை. காரை இறக்கும்போது பையிலிருந்து வெளியேறும் உலர்ந்த காற்று அதே டிரையர் வழியாகத் திரும்பிப் போகையில்தான் மணிகள் பிடித்துவைத்த ஈரத்தை எடுத்துச் செல்கிறது. பையில் கசிவு இருந்தால் காற்று வெடிப்பின் வழியே போய்விடுகிறது. டிரையர் வழியாகத் திரும்புவதில்லை. உள்ளே வரும் காற்றெல்லாம் ஈரம் கொண்டுவர, வெளியே கொண்டுபோவதற்கு ஏதும் இல்லாமல் மணிகள் நனைந்து, நாளடைவில் நொறுங்கி மாவாகின்றன. சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் இது இன்னும் விரைவாக நடக்கும். அந்த மாவு குழாய் வழியே வால்வு பிளாக்குக்குப் போய் வால்வுகளின் இருக்கையில் படிந்துகொள்ள, அவை முழுதாக மூடாமல் அங்கேயும் கசிவு தொடங்குகிறது. முதல் கசிவைத் தேடாமல் கம்ப்ரசரை மட்டும் மாற்றுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிற்கவில்லை என்று கிணற்றுக் கயிற்றை மாற்றுவதற்கு ஒப்பாகும்.

ஆகவே எந்தப் பாகத்தையும் வாங்குவதற்கு முன் கசிவின் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். அளவு நாடா ஒன்றும், தெளிப்பான் புட்டியில் சோப்புக் கரைசலும் போதும். காரைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரையிலான உயரத்தை நான்கு மூலைகளிலும் அளந்து குறித்துக்கொண்டு, காலையில் மீண்டும் அளக்க வேண்டும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. டிஸ்கவரி 3 போன்ற சில கார்கள் நிறுத்தி வைத்த பிறகும் இடையிடையே விழித்து, தாழ்ந்துபோன மூலைக்கு ஈடாக மற்ற மூன்றையும் தாமே இறக்கிவிடும்; காலையில் கார் நேராகவே தாழ்ந்து நிற்பதால் குற்றவாளி எந்த மூலை என்று தெரியாது. அதனால் இரவில் சஸ்பென்ஷனுக்குரிய ஃபியூஸை எடுத்துவிட்டு அளப்பதே நல்லது. ஒரே மூலை மட்டும் தாழ்ந்தால் அந்த மூலையின் பை, அதன் குழாய், குழாயின் பித்தளை இணைப்பு, வால்வு பிளாக்கில் அதற்குரிய வால்வு ஆகிய நான்கில் ஒன்றுதான் காரணம். இணைப்புகளிலும் பையின் மடிப்பிலும் வால்வு பிளாக்கின் வெளியேற்றுத் துளையிலும் சோப்புக் கரைசலைத் தெளித்துக் காத்திருந்தால் குமிழிகள் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். மடிப்பின் வெடிப்பு ஒரு குறிப்பிட்ட உயரத்தில் மட்டுமே வாய்திறக்கக் கூடும் என்பதால், காரை உயர்த்திய நிலையிலும் வழக்கமான நிலையிலும் பார்க்க வேண்டும்.

இணைப்பில் கசிவு என்றால் அது மிக எளிய பழுது. குழாயின் முனையைக் கூரிய கத்தியால் செங்கோணத்தில் சிறிது வெட்டிவிட்டு, புதிய இணைப்பைப் போட்டால் முடிந்தது. கத்தரிக்கோலால் வெட்டக் கூடாது. குழாய் நசுங்கி முனை முட்டை வடிவமாகிவிடும். ரிலே மலிவான பொருள். பத்து ஆண்டுக்கு மேற்பட்ட கார் என்றால் அது நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுவது என் பழக்கம்.

கம்ப்ரசரைச் சீரமைப்பதுதான் வீட்டில் செய்யத்தக்க வேலைகளில் மனநிறைவு தருவது. அதைக் கழற்றியதும் வெளியே படிந்த சேற்றைக் கழுவி உலர்த்திவிட்டே திறக்க வேண்டும். டிரையரின் மூடியைச் சில வகைகளில் ஸ்நாப் ரிங் ஒன்று பிடித்திருக்கும். உள்ளே ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருப்பதால் மூடியைக் கையால் அமுக்கிப் பிடித்தபடியே ரிங்கை எடுக்க வேண்டும், கண்ணாடி அணிந்திருப்பது அவசியம். உள்ளிருந்து வருவது மணிகளாக இருந்தால் நல்லது. குழைந்த மாவாக வந்தால் வால்வு பிளாக்கையும் பிரிக்க வேண்டியிருக்கும் என்று பொருள். இரு முனைகளிலும் உள்ள வடிகட்டித் துண்டுகளையும் மணிகளையும் புதிதாக இட்டு, மணிகள் குலுங்காதவாறு நிரப்ப வேண்டும். இடைவெளி இருந்தால் அவை ஒன்றோடொன்று உரசி மீண்டும் மாவாகும். பிஸ்டனின் டெஃப்ளான் வளையத்தை மாற்றும்போது சிலிண்டரின் உள்சுவரை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வளையம் தேய்ந்து உலோகம் உரசி ஆழமாகக் கோடு விழுந்திருந்தால் புதிய வளையம் நிற்காது. சிலிண்டரையும் சேர்த்தே மாற்ற வேண்டும். கோவை கணபதி பகுதியின் லேத் பட்டறைகளில் எதையும் கடைந்து தருவார்கள் என்ற நம்பிக்கை எங்களுக்கு உண்டு என்றாலும், இந்த உள்சுவரின் மெருகு சாதாரணக் கடைசலில் வராது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தக் கம்ப்ரசருக்குள் ஒரு சொட்டு எண்ணெய்கூட விடக் கூடாது. வீட்டில் வைத்திருக்கும் எந்த இயந்திரத்துக்கும் எண்ணெய் விடுவது நம் இயல்பு. ஆனால் இது உலர்வாகவே ஓடுவதற்காக வடிவமைக்கப்பட்டது, எண்ணெய் விட்டால் அது டிரையர் மணிகளின் மேல் படிந்து அவற்றின் உறிஞ்சும் ஆற்றலைக் கெடுத்துவிடும். ஓ ரிங்குகளுக்கு மெல்லிய பூச்சாகச் சிலிக்கோன் கிரீஸ் போதும். பழைய ஓ ரிங்கை வெர்னியரில் அளந்து சென்றால் நியூமேட்டிக் பொருள்கள் விற்கும் கடைகளில் அதே அளவு கிடைத்துவிடும். சூடான காற்று வெளிவரும் சிலிண்டர் தலைப் பகுதிக்கு மட்டும் வெப்பம் தாங்கும் விட்டான் ரப்பரைக் கேட்டு வாங்குவது நல்லது. வால்வு பிளாக்கிலும் இதே ஓ ரிங் வேலைதான். பிரிக்கும்போது ஒவ்வொரு வால்வும் எந்த இடத்தில் இருந்தது என்று படம் எடுத்துக்கொள்வதைத் தவிர அதில் புதிதாகச் சொல்ல ஏதுமில்லை.

இனி, வீட்டில் செய்யக் கூடாதது. ஒருங்கிணைந்த ஸ்ட்ரட்டில் ரப்பர் பையை மேலும் கீழும் உலோகப் பட்டைகள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. பை மட்டும் சந்தையில் தனியாகக் கிடைக்கிறது என்பதற்காக, அந்தப் பட்டையைக் குழாய்க் கிளிப்பாலும் ஸ்குரூ டிரைவராலும் இறுக்கிவிடலாம் என்று காட்டும் காணொளிகள் பரவியுள்ளன. சாலைக் குழியில் சக்கரம் விழும் கணத்தில் பைக்குள் அழுத்தம் நிறுத்தி வைத்திருக்கும்போது உள்ளதைவிட வெகுவாக எகிறும். அப்போது பட்டை நழுவினால் கார் ஒரு பக்கம் சட்டென்று விழும். இதற்கென உள்ள அழுத்துக் கருவியில் பட்டையைச் சுற்றிலும் ஒரே அளவாக நெரித்து, பின்னர் நீரில் மூழ்கவைத்துச் சோதித்துத் தருபவரிடமே இதைக் கொடுக்க வேண்டும். ஸ்ட்ரட்டைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்து, திரும்பி வந்ததும் பொருத்துவது நம் வேலையாக இருக்கலாம்.

அவ்வாறு கழற்றிப் பொருத்துகையில் நான்கு எச்சரிக்கைகளை நான் வலியுறுத்துவேன். ஏர் சஸ்பென்ஷன் உள்ள காரின் அடியில் ஜாக்கியை மட்டும் நம்பிப் போகவே கூடாது; கதவைத் திறந்தாலே கட்டுப்பாட்டுப் பெட்டி விழித்து உயரத்தை மாற்றும் கார்கள் உண்டு, ஆகவே ஃபியூஸை எடுத்துவிட்டு, உடற்சட்டத்தின் உறுதியான இடங்களில் ஸ்டாண்ட் கொடுத்த பிறகே கைவைக்க வேண்டும். காற்றுக் குழாயைக் கழற்றுவதற்கு முன் அழுத்தத்தை மெல்ல வெளியேற்ற வேண்டும். பொருத்திய பிறகு, பையில் காற்று இல்லாமல் காரின் எடையை அதன் மேல் இறக்கக் கூடாது; மடிப்பு தாறுமாறாக நசுங்கி, புதிய பை முதல் நாளிலேயே கிழியும். முதலில் சிறிது காற்றை ஏற்றி மடிப்பு சீராக உருண்டிருப்பதைப் பார்த்துவிட்டே சக்கரத்தைத் தரையில் வைக்க வேண்டும். சக்கரத்தை உடற்சட்டத்தோடு இணைக்கும் கீழ்க் கைகளின் ரப்பர் புஷ்களைப் பிடிக்கும் போல்ட்டுகளைக் கார் தன் வழக்கமான உயரத்தில் நிற்கும்போதே இறுதியாக இறுக்க வேண்டும். சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது இறுக்கினால் புஷ் ரப்பர் நிரந்தரமாக முறுக்கப்பட்டு விரைவில் கிழிந்துவிடும் என்பதை அனுபவமுள்ள மெக்கானிக்குகளும் சில வேளை மறந்துவிடுகிறார்கள்.

இரும்புச் சுருளுக்கு மாறுவது பற்றியும் சொல்ல வேண்டும். அது மலிவு என்பதை மறுக்கவில்லை. ஆனால் காரின் ஷாக், உயர சென்சார், சில கார்களில் முகப்பு விளக்கின் மட்டம் எல்லாம் ஒன்றையொன்று சார்ந்து அமைந்தவை. ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு எச்சரிக்கை விளக்கை அணைப்பதற்கு மின்தடை ஒன்றை ஒட்டவைப்பதைச் சீரமைப்பு என்று சொல்ல முடியாது. தயாரிப்பாளரின் அசல் விவரக்குறிப்பிலிருந்து வாகனத்தை மாற்றுவதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் இருக்கிறது. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் பதிவைப் புதுப்பிக்கக் காரை ஆய்வுக்குக் கொண்டுபோக வேண்டியவர்கள் இதை முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பது நல்லது.

இதே தமிழ்நாட்டில், ஏர் சஸ்பென்ஷன் பொருத்திய பேருந்துகள் இரவெல்லாம் சென்னைக்கும் நாகர்கோவிலுக்கும் ஓடுகின்றன. அவற்றில் பலூன் தனி, ஷாக் தனி, உயரத்தைச் சரிசெய்யும் வால்வு தனி. பலூன் கிழிந்தால் அதை மட்டும் வாங்கி, ஓட்டுநர் தேநீர் குடித்து முடிப்பதற்குள் நெடுஞ்சாலை ஓரப் பட்டறையில் மாற்றிவிடுகிறார்கள். ஒரு பலூனுக்காக யாரும் பேருந்தைக் கழித்ததாகக் கேட்டதில்லை. ஆக, குறை காற்றிலும் இல்லை, ரப்பரிலும் இல்லை. சிறிய பாகத்தைத் தனியாக விற்கிறார்களா, அதை மாற்றும் முறையைச் சொல்லித்தருகிறார்களா என்பதில்தான் கார் உரிமையாளரின் கதி பேருந்து உரிமையாளரின் கதியிலிருந்து பிரிகிறது.

தனிப் பாகமும் பழுதுபார்க்கும் முறையும் வெளியே கிடைக்கும் வழியை அடைப்பது சட்டத்துக்கும் உகந்தது அன்று என்பதை இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று பிறப்பித்த உத்தரவு காட்டுகிறது. அதில் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்த ஆணையம், அசல் உதிரிபாகங்களும் பழுதறியும் கருவிகளும் தனியார் பட்டறைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்று கூறியது. அந்த உத்தரவு மேல்முறையீடுகளில் சிக்கியது வேறு கதை. 2022 டிசம்பர் 24 அன்று ஒன்றிய நுகர்வோர் துறை தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தில் வாகனத் துறையும் நான்கு துறைகளுள் ஒன்றாக இடம்பெற்றிருக்கிறது.

எனவே தங்கள் நாளிதழ் வாயிலாக நுகர்வோர் துறையிடமும் கார் நிறுவனங்களிடமும் நான் முன்வைக்கும் கோரிக்கை மிகக் குறுகியது. ஏர் சஸ்பென்ஷன் கம்ப்ரசரின் பிஸ்டன் வளையம், டிரையர் மணிகள், ஓ ரிங் தொகுப்பு ஆகியவற்றைத் தனித்தனிப் பாக எண்களில் விற்க வேண்டும். ஒருங்கிணைந்த ஸ்ட்ரட்டுகளுக்குப் பழையதைப் பெற்றுக்கொண்டு, தொழிற்சாலையில் புதுப்பித்ததைக் குறைந்த விலைக்குத் தரும் முறையை இந்தியாவிலும் நடைமுறைப்படுத்த வேண்டும். ஸ்ட்ரட் மாற்றிய பின் உயர சென்சார்களை மறுஅளவீடு செய்யும் முறையையும், நான்கு மூலைகளுக்கும் உரிய சரியான உயரத்தையும் வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும். இன்றைக்கு இந்த ஒரு சிறு வேலைக்காகவே, மற்றெல்லாவற்றையும் தாமே முடித்தவர்கள்கூடக் காரை இழுவை வண்டியில் ஏற்ற வேண்டியிருக்கிறது. பட்டறை உரிமையாளர்களிடம் கேட்பது இன்னும் சிறியது: கம்ப்ரசருக்கு விலைப்பட்டியல் எழுதும் முன், எந்த மூலையில் எந்த இடத்தில் கசிவு என்று வாடிக்கையாளருக்குக் குமிழியைக் காட்டிவிட்டு, அதையும் அந்தத் தாளிலேயே எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கோயம்புத்தூர்.